நாற்பத்து மூன்று லட்சத்து இருபதினாயிரம்

(பாகூர் கொம்யூனைச் சேர்ந்த ஒரு கிராமப் படிப்பகத்தில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக் கொண்டிருப்பது ஓர் எண்ணைப் பற்றியாகும். 43,20,000 என்பது அந்த எண். "இதைக் கேட்கவா வில்லியனூரிலிருந்து சைக்கிள் மிதித்து வந்தோம்?" என்று சில தோழர்கள் முகத்தைச் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. சற்றுப் பொறுத்துக் கேட்பீர்களானால், இந்த எண்ணுக்கும் உங்கள் வீட்டுக் கலியாணத்துக்கும், உங்கள் பிள்ளைகள் படிப்புக்கும் எவ்வளவு சம்பந்தம் இருக்கிறது என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

கிருதயுகம், திரேதாயுகம், துவாபரயுகம், கலியுகம் என்று நான்கு யுகங்கள் சொல்லுகிறார்கள். முதல் யுகத்துக்கு 17,28,000 வருஷம், இரண்டாவதற்கு 12,96,000, மூன்றாவதற்கு 8,64,000, கலியுகத்துக்கு 4,32,000. நான்கையும் கூட்டினால் 43,20,000. இதற்கு மகாயுகம் என்று பெயர். இந்தத் தொகையைக் கேட்டமாத்திரத்தில் நம் ஜனங்களுக்கு மூச்சு அடைத்துப் போகிறது. "இவ்வளவு பெரிய கணக்கு மனிதனால் போடக்கூடியதா? ரிஷிகள் ஞான திருஷ்டியால் கண்டது. நமக்கென்ன தெரியும்?" என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

"நமக்கென்ன தெரியும்?" என்ற இந்த வார்த்தையால் நான் இரண்டு வருஷம் இழந்தவன். நான் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த வருஷம், மேலே படிக்க அனுப்பலாமா என்று என் தகப்பனார் ஒரு ஜோசியரிடம் கேட்டார். "பையனுக்கு ஏழரைச் சனி. சனியின் நடை யுகக் கணக்கில் கண்டது, பொய்க்காது. இரண்டு வருஷம் பொறும்" என்று பதில் வந்தது. என் தகப்பனார் முட்டாள் அல்ல. நெல் அளக்கும்போது ஒரு மரக்கால் குறைந்தாலும் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடுவார். அப்பேர்ப்பட்டவர் யுகக் கணக்கு என்றவுடன் வாயை மூடிக்கொண்டார். நான் இரண்டு வருஷம் ஏரிக்கரையில் மாடு மேய்த்தேன். ஆகவே இந்த எண்ணோடு எனக்கு ஒரு பழைய வழக்கு உண்டு. இன்றைக்கு அதை உங்கள் முன்னிலையில் விசாரிக்கப் போகிறேன்.

மரக்காலும் யுகமும்

கலத்துக்கு ஏன் பன்னிரண்டு மரக்கால் வைத்தார்கள்? பத்தோ பதினொன்றோ பதின்மூன்றோ வைத்திருக்கக் கூடாதா? களத்துமேட்டில் நின்றவனுக்கு இதன் காரணம் தெரியும். பன்னிரண்டை இரண்டாகப் பங்கிடலாம். மூன்றாக, நான்காக, ஆறாகப் பங்கிடலாம். மிச்சம் விழாது, சண்டை வராது. பதின்மூன்று வைத்தால் எந்தப் பங்கும் சரிவராது. ஆகவே பன்னிரண்டு தெய்வம் கொடுத்தது அல்ல; பங்கிடுகிறவன் தன் சௌகரியத்துக்குத் தேர்ந்தெடுத்தது.

43,20,000 என்பதும் இந்த ஜாதி எண்ணேயாகும். இதை உடைத்துப் பாருங்கள். எட்டு இரண்டுகள், மூன்று மூன்றுகள், நான்கு ஐந்துகள், இவற்றை எல்லாம் ஒன்றோடொன்று பெருக்கினால் 43,20,000 வரும். 7, 11, 13 போன்ற முரட்டு எண் ஒன்றுகூட இதற்குள் கிடையாது. இதன் பயனாக, 180 எண்கள் இதை மிச்சமில்லாமல் வகுக்கும். நாழிகைக்கு உரிய 60-ஆல் வகுத்தால் 72,000. வட்டத்தின் பாகை 360-ஆல் வகுத்தால் 12,000. பன்னிரண்டு ராசியால் வகுத்தால் 3,60,000. எதிலும் மிச்சமே இல்லை.

புராணக்காரர்கள் இதற்குச் சொல்லும் விளக்கமும் அதையே காட்டுகிறது. நமது ஒரு வருஷம் தேவர்களுக்கு ஒரு நாளாம். அப்படி 360 நாள் தேவர்களுக்கு ஒரு வருஷமாம். அப்படி 12,000 தேவ வருஷம் ஒரு மகாயுகமாம். 12,000-ஐ 360-ஆல் பெருக்கினால் 43,20,000. நான் கேட்கிறேன், வருஷத்துக்கு 365 நாளும் கால் நாளும் இருக்க, தேவர்களுக்கு மட்டும் 360 நாள் எப்படி வந்தது? வகுப்பதற்குச் சௌகரியம் என்பதைத் தவிர வேறு காரணம் உண்டா?

நம்மிடம் மட்டுமா இந்த எண் இருக்கிறது? பாபிலோனில் பெரோசஸ் என்பவர் கிறிஸ்து பிறப்பதற்கு முன் 3-ஆம் நூற்றாண்டில் ஒரு சரித்திரம் எழுதினார். பிரளயத்துக்கு முன் அந்த நாட்டு ராஜாக்கள் ஆண்ட காலம் 4,32,000 வருஷம் என்று அதில் சொல்லியிருக்கிறார். நமது கலியுகத்துக்குச் சொல்லும் அதே தொகை! அவர்கள் அறுபது அறுபதாக எண்ணுகிறவர்கள். அறுபதை அறுபதால் பெருக்கி, அதை 120-ஆல் பெருக்கினால் 4,32,000. அறுபதை வைத்து எண்ணுகிறவன் எவனும் இந்த எண்ணுக்குத் தானாக வந்து சேருவான்.

நான்கால் வகுபடும் நாடகம்

சரி, இவ்வளவு பெரிய எண் எதற்கு? இதற்கு ஒரு நியாயமான காரணம் இருக்கிறது. அதை மறைப்பது நமக்கு யோக்கியமாகாது.

ஒருவன் நாலு நாளைக்கு ஒருமுறை சந்தைக்கு வருகிறான். இன்னொருவன் ஆறு நாளைக்கு ஒருமுறை வருகிறான். இன்று இருவரும் சேர்ந்து வந்தால், மறுபடி பன்னிரண்டாம் நாள் சேர்ந்து வருவார்கள். இதைப் போலவே சூரியன், சந்திரன், செவ்வாய், வியாழன், சனி எல்லாம் ஒரே புள்ளியில் புறப்பட்டு, மறுபடி அதே புள்ளியில் சேருவதற்கு எவ்வளவு காலம் என்று கேட்டால், அந்தக் காலம் பெரிய தொகையாகத்தான் வரும். அந்தக் காலத்தில் பின்னக் கணக்குப் போடுவது வெகு தொல்லை. ஆகவே, "43,20,000 வருஷத்தில் சனி இத்தனை முழுச் சுற்று" என்று முழு எண்ணாகச் சொல்லிவிட்டார்கள். சனிக்கு 1,46,564 சுற்று. வியாழனுக்கு 3,64,224. செவ்வாய்க்கு 22,96,824. இவை ஆரியபட்டர் கொடுத்த தொகைகள். கி.பி. 499-இல், தமது 23-ஆம் வயதில், கலியுகத்தில் 3,600 வருஷம் கழிந்திருந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். கிரகணம் என்பது நிழல்தான் என்று எழுதியவரும் அவரே. அவரை நான் குறைசொல்ல வரவில்லை. அவர் கருவி செய்தார். பின்னால் வந்தவர்கள் அந்தக் கருவிக்குக் குங்குமம் இட்டுக் கும்பிடச் சொன்னார்கள்.

ஆரியபட்டருக்கு நான்கு யுகமும் சமம். ஒவ்வொன்றும் 10,80,000 வருஷம். புராணக்காரருக்கோ நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று இறங்குமுகம். இரண்டு பேரும் ஒப்புக்கொள்வது மொத்தத் தொகையை மட்டுமே. ஞான திருஷ்டியில் கண்ட விஷயமானால் பங்கீட்டில் இவ்வளவு பேதம் வருமா?

இன்னொரு வேடிக்கை பாருங்கள். கலியுகம் பிறந்த அன்று, அதாவது கி.மு. 3102 பிப்ரவரி 18-இல், எல்லாக் கிரகங்களும் மேஷத்தின் முதல் புள்ளியில் கூடியிருந்தன என்பது கணக்கின் அஸ்திவாரம். நான்கு சமபாகங்களில் மூன்று முடிந்தவுடன் இந்தக் கூட்டம் நடக்க வேண்டுமானால், ஒவ்வொரு கிரகத்தின் சுற்றுத் தொகையும் நான்கால் வகுபட வேண்டும். அப்படியே வகுபடுகிறது! சனியின் தொகையை நான்கால் வகுத்தால் 36,641, வியாழனுக்கு 91,056, செவ்வாய்க்கு 5,74,206. சந்திரன், புதன், வெள்ளி தொகைகளும் அப்படியே வகுபடுகின்றன. இஷ்டத்துக்கு ஓர் எண்ணை எடுத்தால் அது நான்கால் வகுபட நாலில் ஒரு வாய்ப்பு. ஆறு எண்களும் சேர்ந்து வகுபட 4,096-இல் ஒரு வாய்ப்பு. ஆகவே இது ஆகாயத்தைப் பார்த்து எண்ணி வந்த தொகையல்ல. தம் காலத்தில் பார்த்த கிரக நிலையை வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்குப் போட்டு, எல்லாம் ஒரே புள்ளியில் சேரும்படி தொகையைச் சற்றுச் செதுக்கியிருக்கிறார்கள். இன்றைய வானநூல் கொண்டு அந்த நாளைக் கணித்துப் பார்த்தால், கிரகங்கள் ஒரு புள்ளியில் இல்லை. முப்பது பாகைக்கு மேற்பட்ட அகலத்தில் சிதறி நின்றன.

பெரிய எண்ணைச் சுருக்கினால்

43,20,000 வருஷத்துக்கு 157,79,17,500 நாள் என்பது ஆரியபட்டர் கணக்கு. நூற்றைம்பத்தேழு கோடிக்கு மேல்! இதைக் கேட்டுப் பயப்படாதீர்கள். இரண்டு தொகையையும் 7,500-ஆல் வகுத்துப் பாருங்கள். 43,20,000 என்பது 576 ஆகிவிடும். 157,79,17,500 என்பது 2,10,389 ஆகிவிடும். "576 வருஷத்துக்கு 2,10,389 நாள்", அவ்வளவுதான் சங்கதி! சூரியன் விஷயத்தில் மகாயுகத்தின் மகத்துவம் எல்லாம் இந்த 576-க்குள் அடங்கிவிட்டது. ஒரு வருஷத்துக்கு 365 நாளும், ஒரு நாளின் 576 பங்கில் 149 பங்கும் ஆகிறது. அதாவது 365 நாள், 15 நாழிகை, 31¼ விநாடி. வாக்கியப் பஞ்சாங்கத்தின் வருஷம் இதுதான்.

இதை வைத்து நீங்களே வருஷப் பிறப்புக் கணிக்கலாம். 2025-ஆம் வருஷச் சித்திரைப் பிறப்பை எடுத்துக் கொள்வோம். கலி பிறந்து அன்றைக்கு 5,126 வருஷம் முடிந்தது. 5,126-ஐ 2,10,389-ஆல் பெருக்கினால் 107,84,54,014. சூரியனின் நடை வருஷம் முழுவதும் ஒரே வேகமாகத் தோன்றுவதில்லை. அந்த வித்தியாசத்துக்காக 1,237-ஐக் கழிப்பது வழக்கம். கழித்தால் 107,84,52,777. இதை 576-ஆல் வகுத்தால் 18,72,313 நாள், மிச்சம் 489. அந்த மிச்சத்தை நாழிகையாக்கினால் 50 நாழிகை 56 விநாடி.

இது சரிதானா என்று எப்படிச் சோதிப்பது? 18,72,313-ஐ ஏழால் வகுங்கள்; மிச்சம் 2 வரும். கலி பிறந்தது வெள்ளிக்கிழமை என்பது கணக்கு. வெள்ளியிலிருந்து இரண்டு நாள் தள்ளினால் ஞாயிறு. 2025 ஏப்ரல் 13 என்ன கிழமை என்று வீட்டிலிருக்கும் பழைய காலண்டரைப் பாருங்கள், ஞாயிறுதான்! அன்று காலை ஆறு மணியிலிருந்து 50 நாழிகை 56 விநாடி என்றால், விடிந்தால் திங்கள் என்ற இரவில் சுமார் 2 மணி 22 நிமிஷம். பஞ்சாங்கக்காரர் மந்திரம்போல் சொல்லுவதை ஒரு கரும்பலகையும் ஒரு சுண்ணாம்புக் குச்சியும் கொண்டு ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும்.

இந்த வருஷ அளவும் பிழையற்றது அல்ல. நட்சத்திரத்தை வைத்து அளந்த இன்றைய கணக்கைவிட இது சுமார் 3 நிமிஷம் 20 செகண்டு கூடுதல். வெயிலும் மழையும் திரும்பி வரும் பருவ வருஷத்தைவிட ஏறக்குறைய 24 நிமிஷம் கூடுதல். தினசரி வாழ்க்கையில் 24 நிமிஷம் பெரிதல்ல. ஆனால் அறுபது வருஷத்தில் அது ஒரு நாளாகிவிடுகிறது. 499-லிருந்து இன்றுவரை சுமார் 25 நாள் சேர்ந்துவிட்டது. ஆரியபட்டர் காலத்தில் பகலும் இரவும் சமமாகும் நாளையொட்டிச் சித்திரை பிறந்தது. இன்று சமநாள் மார்ச் 20 வாக்கில் வருகிறது. சித்திரையோ ஏப்ரல் 14-இல் பிறக்கிறது. தை முதல் தேதி உத்தராயணம் என்கிறார்கள். சூரியன் வடக்கே திரும்புவதோ டிசம்பர் 21, 22-லேயே நடந்து முடிந்து, மூன்று வாரத்துக்கு மேலாகிவிடுகிறது. ஆகாயம் போகிற இடம் வேறு, பஞ்சாங்கம் காட்டுகிற இடம் வேறு.

புதுச்சேரிச் சோழி

இனி நமது புதுச்சேரியிலேயே நடந்த இரண்டு விஷயங்களைச் சொல்லுகிறேன்.

1768-இல் லெ ஜான்தி என்ற பிரஞ்சு வானநூலார், சுக்கிரன் சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்கு வந்தார். 1769 ஜூன் மாதத்தில் அந்தக் காட்சி நடக்கும் வேளையில் மேகம் வந்து மறைத்துவிட்டது. ஆனால் அவர் இங்கே தங்கியிருந்த காலத்தில் தமிழர்கள் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்டு 30-இல் நடந்த சந்திர கிரகணத்தை அந்த முறையில் கணித்துப் பார்த்ததில், கிரகணம் நீடித்த நேரத்தில் 41 செகண்டுதான் பிழை. ஐரோப்பாவில் பேர்போன மாயர் என்பவரின் அட்டவணையிலோ 68 செகண்டு பிழை!

பிறகு 1825-இல் கர்னல் ஜான் வாரன் என்பவர் "கால சங்கலிதம்" என்ற பெரிய புத்தகத்தை எழுதினார். புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கம் கணிப்பவர் சோழிகளைத் தரையில் அடுக்கி, காகிதம் பேனா ஒன்றும் இல்லாமல், அந்த வருஷம் மே 31-க்கும் ஜூன் 1-க்கும் இடைப்பட்ட இரவில் நடந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார் என்று அதில் விவரித்திருக்கிறார். தொடக்கத்தில் 4 நிமிஷமும், நடுவில் 23 நிமிஷமும், முடிவில் 52 நிமிஷமுமே பிழை.

அந்த முறையில் ஒரு பெரிய எண் இருக்கிறது: 16,00,984. கலி பிறந்ததிலிருந்து இத்தனையாவது நாள் 1282-ஆம் வருஷம் மே 22 ஆகும். அன்று சூரிய உதயத்தில் சந்திரன் பூமிக்கு மிகத் தூரத்தில், மிக மெதுவாக நடக்கும் இடத்தில் இருந்ததாகக் கணக்கு. அதிலிருந்து எண்ணத் தொடங்கினால் வேலை சுலபம். கலி நாளிலிருந்து 16,00,984-ஐக் கழி. மிச்சத்தை 12,372-ஆல் வகு. அதில் மிச்சத்தை 3,031-ஆல் வகு. அதில் மிச்சத்தை 248-ஆல் வகு. கடைசி மிச்சம் எதுவோ, அந்த நம்பருள்ள வாக்கியத்தைச் சொன்னால் சந்திரன் எங்கே என்பது வந்துவிடும்.

இந்த எண்கள் எப்படி வந்தன? சந்திரன் தூரத்திலிருந்து கிட்டே வந்து மறுபடி தூரம் போக சுமார் 27½ நாள் ஆகிறது. அப்படி 9 முறைக்கு 248 நாள். 110 முறைக்கு 3,031 நாள். 449 முறைக்கு 12,372 நாள். 3,031-ஐ 110-ஆல் வகுத்துப் பார்த்தால், இன்றைய வானநூல் கருவிகள் சொல்லும் அளவுக்கும் அதற்கும் ஒரு செகண்டுகூட வித்தியாசமில்லை. இதை நாம் மனமாரப் பாராட்டவேண்டும். 2025 ஏப்ரல் 13-க்கே போட்டுப் பாருங்கள். 18,72,313-இல் 16,00,984 போனால் 2,71,329. மேலே சொன்னபடி வகுத்துக்கொண்டே போனால் கடைசி மிச்சம் 192. ஏழு சுற்றுக்கு 193 நாளுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே மறுநாள் விடியுமுன் சந்திரன் தூரத்து முனையில் இருக்க வேண்டும். அப்படியே அன்று இருந்தது.

இவ்வளவு சாமர்த்தியமான கணக்கு கையிலிருந்தும் நாம் ஏன் உருப்படவில்லை? அதற்கும் வாரனே பதில் வைத்திருக்கிறார். அந்தச் சோழிக் கணக்கருக்கு அபார ஞாபகசக்தி இருந்தது. ஆனால் தாம் போடும் கணக்கின் காரணம் ஒன்றும் தெரியாது என்கிறார். 3,031 ஏன் என்று அவரைக் கேட்டால் அவருக்குத் தெரியாது. சொல்லிக்கொடுத்தவருக்கும் தெரிந்திருக்காது. ஏன் என்று கேட்காமல் மனப்பாடம் செய்ததால், பிழையும் அப்படியே மனப்பாடமாயிற்று. 23 நிமிஷம் பிசகினாலும், 52 நிமிஷம் பிசகினாலும் திருத்த ஆளில்லை.

நமது பாகூரிலேயே 9-ஆம் நூற்றாண்டில், நிருபதுங்க பல்லவன் காலத்தில், ஒரு வித்தியாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்களைத் தானமாக விட்டதாகச் செப்பேடு சொல்லுகிறது. மூன்று கிராமத்து உழைப்பு ஒரு பள்ளிக்கு! சந்தோஷம். ஆனால் அந்த மூன்று கிராமத்தில் உழுதவன் பிள்ளை எத்தனை பேர் அங்கே உட்கார்ந்து வகுத்தல் கணக்குப் படித்திருப்பார்கள் என்பதை நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்.

ஏழரைக்கு ஒரு வகுத்தல்

இனி என் சொந்த வழக்குக்கு வருகிறேன். 43,20,000-ஐ சனியின் சுற்றுத் தொகை 1,46,564-ஆல் வகுங்கள். சுமார் 29½ வருஷம் வரும். இது ஏறக்குறைய சரியான கணக்கே. ஆகாயத்தில் ராசி பன்னிரண்டு. ஒருவன் ராசிக்கு முன் ராசி, அவன் ராசி, அதற்கு அடுத்த ராசி என்ற மூன்றிலும் சனி இருக்கும் காலம் ஏழரை. பன்னிரண்டில் மூன்று என்றால் கால் பங்கு. அதாவது எந்தக் காலத்திலும், எந்த ஊரிலும், பன்னிரண்டு ராசிக்காரரில் மூன்று ராசிக்காரருக்கு ஏழரை நடந்தே தீரும். இந்தக் கூட்டத்தில் நூறு பேர் இருந்தால் ஏறக்குறைய இருபத்தைந்து பேருக்கு இப்பொழுதே ஏழரை! பிறக்கும் ஒவ்வொரு மனிதனும் தன் ஆயுளில் கால் பங்கை ஏழரையில்தான் கழிக்க வேண்டும்.

அப்படியானால் வருஷந்தோறும் கல்லூரியில் சேரும் பிள்ளைகளில் கால் பங்கு ஏழரைக்காரர்களே. பாஸ் செய்கிறவர்களிலும் கால் பங்கு அவர்களே. ஏரி நிரம்பினால் ஏழரைக்காரன் வயலுக்கும் தண்ணீர் பாய்கிறது. வறண்டால் எல்லார் வயலும் காய்கிறது. கால் பங்கு ஜனத்துக்கு எப்பொழுதும் இருக்கும் ஒன்றைக் காட்டி, "உனக்குத் தனியாக வந்திருக்கிறது" என்று சொல்லிப் பணம் வாங்குவதற்கு என்ன பெயர்? சனியின் நடை கணக்கு, அது மெய். அந்த நடையால் என் படிப்பு கெடும் என்பது கணக்கல்ல. எந்த வகுத்தலிலும் அது மிச்சமாக வருவதில்லை. மெய்யான கணக்கின் முதுகில் பொய்யை ஏற்றி ஊர்வலம் விடுகிறார்கள்.

என் தகப்பனாருக்கு அன்று வகுத்தல் தெரியாது. தெரிந்திருந்தால் ஜோசியரைப் பார்த்து, "பன்னிரண்டில் மூன்று எவ்வளவு, ஐயா?" என்று கேட்டிருப்பார். களத்தில் மரக்காலைச் சரிபார்த்த அதே வாயால் கேட்டிருப்பார். நானும் இரண்டு வருஷம் மாட்டின் பின்னால் போயிருக்க மாட்டேன்.

ஆகவே தோழர்களே, பெரிய எண்ணைக் கண்டால் கும்பிடாதீர்கள், பயப்படாதீர்கள், உடைத்துப் பாருங்கள். யுகத் தொகையானாலும் சரி, கடன் பத்திரத்தில் ஏறியிருக்கும் வட்டித் தொகையானாலும் சரி, வகுத்துப் பார்த்தால்தான் அதன் யோக்கியதை வெளிவரும். நான் சொன்ன கணக்கையும் நம்பிவிடாதீர்கள். இந்தக் கரும்பலகையில் எழுதியிருப்பதைக் காகிதத்தில் எடுத்துக்கொண்டு போய், வீட்டில் பெண்பிள்ளை ஆண்பிள்ளை எல்லாரையும் உட்கார வைத்துப் போட்டுப் பாருங்கள். ஏதாவது தப்பு இருந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதே இடத்துக்கு வந்து சொல்லுங்கள். திருத்திக்கொள்ளக் காத்திருக்கிறேன்.